ராட்சத மட்டியும் தனிமைத் தொட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளத் தொட்டியில் ராட்சத மட்டி வளர்க்கும் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நேற்று வரை நன்றாக விரிந்திருந்தது, இன்று சுருங்கிக் கிடக்கிறது, என்ன மருந்து ஊற்றலாம்?" மட்டிக்கு ஊற்றத்தக்க மருந்து அநேகமாக எதுவும் இல்லை. எனவே அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே, மட்டி வீட்டுக்கு வரும் நாளிலும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கே கீழே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மட்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ட்ரைடாக்னா, ஹிப்போபஸ் என்னும் இரண்டு பேரினங்களைச் சேர்ந்த மட்டிகளைப் பற்றி. தொட்டிகளில் அதிகம் காணப்படுபவை மேக்சிமா, குரோசியா, ஸ்குவாமோசா, டெராசா ஆகியவை. இவற்றில் குரோசியா 15 செ.மீ. அளவோடு நின்றுவிடும், டெராசாவோ அரை மீட்டரைத் தாண்டக்கூடியது. ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து இருநூறு கிலோவைக் கடக்கும் கைகாஸ் வீட்டுத் தொட்டிக்கு உரியதன்று. ஓட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே விரியும் வண்ணச் சதைத்திரையை மேன்டில் என்பார்கள். அதற்குள் வாழும் சூசாந்தெல்லா என்னும் ஒருசெல் பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து மட்டிக்குக் கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பலவற்றுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

இந்தியாவில் இவற்றை வளர்க்கலாமா?

கூடாது. இந்தியக் கடல்களில் இயற்கையாக வாழும் மேக்சிமா, ஸ்குவாமோசா ஆகிய இரண்டும், அவற்றோடு ஹிப்போபஸ் ஹிப்போபஸும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. பவளப்பாறைகளைக் கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் அப்போதே சேர்க்கப்பட்டுவிட்டன. "பண்ணையில் வளர்த்தது சார்" என்று ஒருவர் பையில் போட்டு நீட்டினாலும் வாங்காதீர்கள். மற்ற நாடுகளில் வாழும் வாசகர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லா ராட்சத மட்டிகளும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவை எல்லை தாண்ட முடியாது. அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மீனைத் தனிமைப்படுத்துவது புரிகிறது. மட்டியை எதற்குத் தனிமைப்படுத்த (புதிதாக வந்ததைச் சில வாரம் வேறு தொட்டியில் வைத்துக் கவனிக்க) வேண்டும்?

இரண்டு வெவ்வேறு ஆபத்துகளுக்காக. அவற்றைக் குழப்பிக்கொள்வதாலேயே பலர் அரைகுறையாகச் செய்துவிடுகிறார்கள்.

முதலாவது, மட்டியைத் தாக்குபவை: ஓட்டின் மடிப்புகளில் ஒளிந்து வரும் ஒட்டுண்ணி நத்தைகள், சதைக்குள் வாழும் ஒருசெல் உயிரிகள், ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சுகள். இரண்டாவது, மட்டியைத் தொடாமல் அதன் ஓட்டில் சவாரி செய்து வந்து உங்கள் மீன்களைத் தாக்குபவை. கடல் மீன்களில் வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் உயிரி, மீனைவிட்டு விழுந்த பிறகு ஏதாவதொரு கடினமான பரப்பில் கூடுகட்டிக்கொண்டு பெருகுகிறது. அந்தப் பரப்பு கல்லாகவும் இருக்கலாம், நத்தையின் முதுகாகவும் இருக்கலாம், மீன்கள் நிறைந்த கடைத்தொட்டியில் ஒரு வாரம் கிடந்த மட்டியின் ஓடாகவும் இருக்கலாம். மீனை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மட்டியை மட்டும் நேராகப் பெரிய தொட்டியில் இறக்குவது, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

கடையில் வாங்கும்போதே எதைப் பார்க்க வேண்டும்?

கையை நீருக்கு மேலாக மெதுவாக நகர்த்தி, மட்டியின் மீது நிழல் விழச் செய்யுங்கள். மேன்டிலின் விளிம்பு நெடுகச் சிறு கண்புள்ளிகள் வரிசையாக உள்ளன. நலமான மட்டி நிழலை உணர்ந்த கணமே சட்டென்று உள்ளிழுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் மறுபடியும் விரியும். சோம்பலாக அசைவதையும் அசையாமலேயே கிடப்பதையும் விட்டுவிடுங்கள். நீரை உள்வாங்கும் துளை அகலமாகப் பிளந்து, உள்ளே செவுள் தெரியும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அதுவும் கெட்ட அறிகுறி. மேன்டிலின் நடுப்பகுதி வெளிறிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டின் மேல்விளிம்பில் புத்தம்புது வெள்ளைக் கோடாக வளர்ச்சி தெரிந்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று விமானத்தில் வந்திறங்கியதை இன்றே வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். பயண அலுப்பில் சாக வேண்டியவை பெரும்பாலும் அந்த வாரத்துக்குள் செத்துவிடும். கடைக்காரருக்கு இது பிடிக்காதுதான்.

தனிமைத் தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

நாற்பது, அறுபது லிட்டர் தொட்டி ஒன்று போதும். ஹீட்டர், நீரோட்டத்துக்கு ஒரு சிறிய பம்ப், பெரிய தொட்டியில் சில வாரங்கள் ஊறி நல்ல பாக்டீரியா ஏறிய பஞ்சு வடிகட்டி ஆகியவை வேண்டும். மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்ற அளவில், பெரிய தொட்டியில் காப்பதைப் போலவே இங்கும் காக்க வேண்டும்.

மீனின் தனிமைத் தொட்டிக்கும் மட்டியின் தனிமைத் தொட்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு விளக்குதான். மீனுக்கு மங்கல் வெளிச்சம் போதும், இன்னும் சொன்னால் அதுவே நல்லது. மட்டிக்கோ இருட்டு என்பது பட்டினி. மூலையில் கிடந்த பழைய மேசைவிளக்கின் கீழ் ஆறு வாரம் வைத்துவிட்டு, "தனிமைப்படுத்தியும் செத்துவிட்டது" என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மட்டி பட்டினியால் செத்தது. பவளத்துக்குப் பயன்படும் தரத்தில் ஒரு எல்இடி விளக்கு வாங்க முடியாதவர், என் கருத்தில், மட்டி வாங்குவதையே தள்ளிப்போடுவது நல்லது. விளக்கு இருந்தாலும் முதல் நாளே முழு வீச்சில் எரியவிடாமல், பாதியில் தொடங்கி இரண்டு வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

மற்றொன்று, தொட்டி புதியதாக இருக்கட்டும். முன்பு மீனுக்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டியின் சிலிகான் ஒட்டிலும் கற்களிலும் செம்பு படிந்திருந்து பின்னர் கசியக்கூடும். மீனைக் காப்பாற்றும் அளவுச் செம்பு மட்டியைக் கொன்றுவிடும்.

தரையில் ஒரு வெறும் பீங்கான் ஓட்டைப் போட்டு, அதன்மேல் மட்டியை நிமிர்த்தி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் அது பைசஸ் என்னும் பற்றிழைகளை விட்டு அந்த ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எங்கே நகர்த்துவதானாலும் பீங்கான் ஓட்டோடு தூக்கிவிடலாம். இந்தச் சிறிய ஏற்பாட்டை நான் கற்றுக்கொண்டது ஒரு மட்டியை இழந்த பிறகுதான்: கல்லைப் பிடித்திருந்த மேக்சிமாவைப் பொறுமையில்லாமல் இழுத்தேன், பற்றிழையோடு அதைச் சுரக்கும் சதையும் கொஞ்சம் பிய்ந்து வந்தது, பத்து நாளில் போய்விட்டது. பிரிக்கத்தான் வேண்டுமென்றால், கல்லை ஒட்டினாற்போல் கூரிய பிளேடால் இழைகளை அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

வந்த முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

பையின் நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து ஒரு மணி நேரம் பழக்கிய பின், மட்டியை மட்டும் எடுங்கள். தொட்டியில் விடுவதற்கு முன், தொட்டி நீர் நிரம்பிய ஒரு வாளியில் வைத்து, மென்மையான பல் துலக்கியால் ஓட்டின் வெளிப்புறத்தை மடிப்பு மடிப்பாகத் தேய்க்க வேண்டும். ஸ்குவாமோசாவின் அகன்ற செதில் மடிப்புகளுக்கு அடியில்தான் விருந்தாளிகள் அதிகம். பிறகு கவிழ்த்து, கீல் பக்கத்தில் பற்றிழை வெளிவரும் திறப்பைப் பாருங்கள்; அங்கே சதையைத் துலக்கி தொடக் கூடாது, கண்ணால் பார்த்தால் போதும். வாளி நீரைக் கொட்டிவிடுங்கள். துலக்கியை வேறு தொட்டிக்குக் கொண்டு போகாதீர்கள்.

ஓட்டின் விளிம்பில் அரிசி போன்ற வெள்ளை நத்தைகள் தெரிகின்றன. இவை எவை?

பிரமிடெல்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி நத்தைகள். ராட்சத மட்டிகளைப் பொறுத்தவரை டத்ரெல்லா, டர்போனில்லா என்னும் பெயர்கள் அடிக்கடி அடிபடும். நொய் அளவிலிருந்து முழு அரிசி அளவு வரை இருக்கும். கூம்பு வடிவம், பால் வெள்ளை. இவற்றுக்கு மற்ற நத்தைகளைப் போலச் சுரண்டும் நாக்கு கிடையாது. ஊசி போல நீளும் உறிஞ்சுகுழலை மேன்டிலின் விளிம்பிலோ பற்றிழைத் திறப்பின் வழியாகவோ செருகி, மட்டியின் உடல்நீரைக் குடிக்கின்றன.

பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். சுருங்கிய மேன்டிலுக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், நுனி உள்ளேயும் கூம்பு வெளியேயுமாக அவை வரிசைகட்டி நிற்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு வாழ்நாளில் அடையாளம் தப்பாது. வளர்ந்த மட்டியை ஒன்றிரண்டு நத்தைகள் கொன்றுவிடாது. ஆனால் கடலில் அவற்றைத் தின்னும் எதிரிகள் தொட்டியில் இல்லாததால் அவை நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். ஐந்து, ஆறு செ.மீ. அளவுள்ள குட்டி மட்டிக்கு அந்தக் கூட்டம் எமன்.

இடுக்கியாலும் துலக்கியாலும் அகற்றுவதே சிகிச்சை. ஓட்டின் மேல் கண்ணாடிப் பசை போலத் தெளிந்த சிறு திட்டுகளாக ஒட்டியிருப்பவை முட்டைகள். அவற்றையும் நகத்தாலோ துலக்கியாலோ சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நத்தை பொறுக்கிய உழைப்பு வீண். வாரத்துக்கு இரு முறை இரவுச் சோதனை நடக்கட்டும்; கடைசியாக ஒரு நத்தையைக் கண்ட நாளிலிருந்து புதிதாக நான்கு வாரம் எண்ணத் தொடங்குங்கள். ஆறுகோடு ராஸ் மீன் இந்த நத்தைகளைத் தின்னும் என்பது உண்மைதான். என்றாலும் தனிமைத் தொட்டியில் மீனுக்கு இடமில்லை என்பதால் அது பெரிய தொட்டியில் ஒரு கூடுதல் காவல், அவ்வளவே. உங்கள் தொட்டியில் பாசி தின்னும் டர்போ நத்தையின் குஞ்சுகளையும் செரித் நத்தைகளையும் பார்த்துப் பதற வேண்டாம். அவை கண்ணாடியில் மேயும், ஒட்டுண்ணி நத்தைகளோ மட்டியை விட்டு அகலுவதில்லை.

மொத்தம் எத்தனை நாள் தனியே வைக்க வேண்டும்?

மட்டியின் நலம் மட்டும்தான் கவலை என்றால் நான்கு முதல் ஆறு வாரம். மீன்களின் வெள்ளைப்புள்ளியையும் தடுக்க வேண்டுமென்றால் கணக்கு வேறு. கிரிப்டோகேரியானின் கூடுகளிலிருந்து 72-ஆவது நாள் வரையிலும் உயிரிகள் வெளிவந்ததை ஓர் ஆய்வகச் சோதனை காட்டியது. அதை வைத்துத்தான் வளர்ப்பாளர்கள் 76 நாள் மீனில்லாத் தொட்டி என்ற வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் புதிய பவளமோ கல்லோ உள்ளே வந்தால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மீன் இல்லாத தொட்டியிலிருந்தே மட்டியை எடுத்து விற்கும் பண்ணையிடம் வாங்கினால் இந்த நீண்ட காத்திருப்பைப் பெருமளவு தவிர்க்கலாம்.

பெர்கின்சஸ் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

மெல்லுடலிகளின் சதைக்குள் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணி. இதன் முதல் இனம் 1950-இல் மெக்சிகோ வளைகுடாவின் ஆளிச் சிப்பிகளில் கண்டறியப்பட்டது. நமக்கு முக்கியமான பெர்கின்சஸ் ஓல்செனி, ஆஸ்திரேலிய அபலோன் நத்தையிலிருந்து 1981-இல் பெயரிடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் ராட்சத மட்டிகளிலும் பெர்கின்சஸ் இருப்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. வியட்நாமிலிருந்து அமெரிக்காவுக்கு அலங்கார வணிகத்துக்காக வந்த குரோசியா மட்டிகளில் ஓல்செனி இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைத் தொலைதூரச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்: நம் தென்கிழக்குக் கரையின் முத்துச்சிப்பிகளிலும் ஓல்செனி இருப்பதாக 2010-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பு தன் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் இதை வைத்திருக்கிறது.

இது பரவுவதற்கு இடைநிலை உயிரி எதுவும் தேவையில்லை. நோயுற்ற மட்டி வெளியிடும் நீந்தும் வித்துகள் நேராக அடுத்த மட்டிக்குள் நுழைகின்றன. ஆகவே ஒரே நேரத்தில் மூன்று கடைகளிலிருந்து மூன்று மட்டிகளை வாங்கி ஒரே தனிமைத் தொட்டியில் போடுவது தனிமைப்படுத்தல் ஆகாது.

வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மேன்டில் சுருங்குதல், வாய் பிளத்தல், நிழலுக்கு மெதுவாக அசைதல் எல்லாம் பத்துக் காரணங்களால் வரும். உறுதிசெய்ய வேண்டுமென்றால் சதையை எடுத்து, ரேயின் தயோகிளைகோலேட் ஊடகத்தில் இருட்டில் சில நாள் ஊறவைத்து, லூகால் அயோடின் விட வேண்டும். ஒட்டுண்ணி இருந்தால் கருநீல உருண்டைகளாக நுண்ணோக்கியில் தெரியும். பிசிஆர் முறையும் உண்டு. வீட்டில் ஒற்றை மட்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சோதனைகள் மட்டி செத்த பிறகுதான் பயன்படும். எனினும் ஒன்றன்பின் ஒன்றாக மட்டிகள் சாகும் தொட்டியில் அதைச் செய்து பார்ப்பது, நான்காவதை வாங்குவதைவிடச் சிக்கனமானது. குணப்படுத்த நம்பகமான மருந்து இல்லை.

மேன்டிலின் ஒரு பக்கம் கிள்ளிப் பிடித்தது போல மடிந்திருக்கிறது. நன்னீர்க் குளியல் கொடுக்கலாமா?

வளர்ப்பாளர்கள் இதைக் கிள்ளுநோய் என்பார்கள். மேன்டில் முழுதும் விரிய முடியாமல், ஓரிடத்தில் நூல் கட்டி இழுத்தது போல நெளிந்து நிற்கும். நாளடைவில் மற்ற மட்டிகளுக்கும் வரும். ஒருசெல் ஒட்டுண்ணியே காரணம் என்ற கருத்து நெடுநாளாக இருந்தாலும் அது ஆய்வில் நிலைநாட்டப்படவில்லை. இதற்கு அனுபவத்தில் பலன் கண்ட ஒரே வழி நன்னீர்க் குளியல்.

ஆர்ஓ நீரை எடுத்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சிட்டிகை சிட்டிகையாகச் சமையல் சோடா சேர்த்துக் காரத்தன்மையைத் தொட்டி நீருக்கு ஒப்பாக்கி, ஒரு மணி நேரம் காற்று விட வேண்டும். மட்டியை அதில் 20 முதல் 30 நிமிடம் வைப்பார்கள். உள்ளே வைத்ததும் இறுக மூடிக்கொள்ளும். நீர் உள்ளே போகும்படி மெல்லச் சாய்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சளி நிறைய வரும். முடிந்ததும் நேராகத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் வரை பரிதாபமாகத்தான் இருக்கும்.

இதை வந்திறங்கிய எல்லா மட்டிகளுக்கும் முன்னெச்சரிக்கையாகச் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயணத்தில் துவண்ட உயிருக்கு நன்னீர் இன்னொரு அடி. கிள்ளு தெளிவாகத் தெரியும்போதும், நீரின் அளவுகள் சரியாக இருப்பதையும் மீன் கொத்தவில்லை என்பதையும் உறுதிசெய்த பின்னும்தான் செய்ய வேண்டும்.

நோயே இல்லாமல் நோய் போலத் தோன்றுபவை எவை?

ஏராளம். ஏஞ்சல் மீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் மேன்டிலைக் கொத்தினால் அது நாள் முழுதும் சுருங்கியே இருக்கும். அரை மணி நேரம் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தால் குற்றவாளி அகப்படும். நீரோட்டம் நேராக மேலே அடித்தாலும் மேன்டில் மடியும். நீர் சூடானாலும், ஒளி திடீரென்று கூடினாலும், சூசாந்தெல்லாப் பாசிகள் வெளியேறி மட்டி வெளுக்கும். நடுவிலிருந்து வெள்ளை பரவும். வெளுத்தது உடனே செத்துவிடாது. காரணத்தை நீக்கி, மிதமான ஒளியில் பல வாரம் விட்டால் நிறம் திரும்பக்கூடும். நைட்ரேட்டை முற்றிலும் பூஜ்யமாக்கிவிட்ட மிகச் சுத்தமான தொட்டிகளில் வெளிறுவதும் உண்டு, ஏனெனில் அந்தப் பாசிகளுக்கும் நைட்ரஜன் வேண்டும்.

ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம். செவுள் செல்களுக்குள் வாழும் ரிக்கெட்சியா போன்ற பாக்டீரியாக்கள் ஹிப்போபஸ் மட்டிகளில் பதிவாகியிருக்கின்றன என்பது உண்மை; ஆனால் நுண்ணோக்கி இல்லாமல் அதை யாராலும் சொல்ல முடியாது. ஊற்றும் மருந்து வடிகட்டியின் பாக்டீரியாவைக் கொன்று அமோனியாவை ஏற்றிவிடும் வாய்ப்பே அதிகம்.

செத்த மட்டியைச் சுற்றி முள்புழுக்கள் மொய்த்திருந்தன. அவைதான் கொன்றனவா?

பெரும்பாலும் இல்லை. அவை சாவு வீட்டுக்கு வந்தவை.

மட்டியின் நோய் எனக்கு வருமா?

பெர்கின்சஸ் மனிதரைத் தொற்றாது. ஆனால் தொட்டி நீரில் வாழும் விப்ரியோ, மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் பாக்டீரியாக்கள் கைவெட்டு வழியே நுழையும்; பின்னது வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். ஓட்டின் செதில்கள் பிளேடு போன்றவை, ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் கடல் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

மட்டி இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

சதை ஓரிரு நாளில் அழுகித் தொட்டியையே கெடுத்துவிடும் என்பதால், நிழலுக்கும் தொடுதலுக்கும் அசையாமல் வாய் பிளந்து, நாற்றம் வீசத் தொடங்கினால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சதையைச் சாக்கடையிலோ கடலிலோ போடாமல், உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தனிமைத் தொட்டி நீரில் சலவை பிளீச் கலந்து ஒரு நாள் விட்ட பிறகு வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் மழைநீர் வடிகாலில் ஊற்றவே கூடாது, அது நேராக அங்குள்ள சிப்பிகளிடம் போய்ச் சேரும். பஞ்சையும் பீங்கான் ஓட்டையும் எறிந்துவிட்டு, பம்ப், ஹீட்டர், துலக்கி எல்லாவற்றையும் பிளீச்சில் ஊறவைத்து, நன்னீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். காலி ஓடு அழகாக இருக்கிறதென்று பெரிய தொட்டியில் அலங்காரமாக வைக்க நினைப்பவர்கள், அதையும் அதே பிளீச் வாளியில் போட்டு எடுத்துவிட்டு வைக்கட்டும்.